கைப்பிரேக் பிடிக்காத காரில் கற்ற கல்வி

என் தம்பிக்குப் பள்ளிக்கூடம் என்றாலே இளக்காரம். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் படிப்பை விட்டவன். அதை அவன் சொல்லிக் கேட்க வேண்டும். ஏதோ மந்திரி பதவியை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்தவன் மாதிரி சொல்வான். உலகத்துப் பெரும் பணக்காரர்களில் பாதிப் பேர் படிப்பைப் பாதியில் விட்டவர்கள் என்று கோட்டுப் போட்ட ஓர் ஆள் கத்திப் பேசும் காணொளியைக் குடும்ப வாட்ஸ்அப்பில் அடிக்கடி போடுவான். பாதியில் விட்டது வரைக்கும் ஒற்றுமை சரிதான். அதற்கப்புறம் அந்தப் பணக்காரர்கள் ஒரு பக்கம் போனார்கள், இவன் புக்கிட் பெருந்துங்கில் ஏர்கோன் கழுவப் போனான்.

ஏர்கோன் மட்டும் இல்லை. வயரிங், தண்ணீர்ப் பம்பு, கேட்டு மோட்டார் எல்லாம் செய்வான். எதையும் யாரிடமும் கற்றதில்லை. "கழட்டிப் பாத்துக் கத்துக்கிட்டேன்" என்பான். கழற்றியது உண்மை. எங்கள் வீட்டு மின்விசிறியை அவன் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அது ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. நிறுத்த வேண்டுமென்றால் மெயின் சுவிட்சை அடைக்க வேண்டும். வருகிறவர்களிடம் அம்மா அதைப் பெருமையாகக் காட்டுவாள். "என் மவன் செஞ்சது. எம்புட்டுக் காத்து பாரு."

நான் அவனுக்கு மூத்தவள். ஐந்தாம் படிவம் முடித்து, கோலா சிலாங்கூரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கெழுதுகிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவோடு, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறேன். ஐம்பது வயது வரைக்கும் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. பஸ் இருந்தது, கடை முதலாளியின் வேன் இருந்தது, தேவைப்படவில்லை.

தேவை வந்தது அம்மாவின் சிறுநீரகத்தால். இனிப்பு நீர் நோய் முற்றி இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் கோலா சிலாங்கூருக்குப் போய் இரத்தம் கழுவ வேண்டும். கடைவரிசையில் மேல்மாடியில் இருக்கிறது அந்த நிலையம். காலை ஷிப்ட்டில் நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். தாமதமாகப் போனால் போன நேரம் போனதுதான். அடுத்த ஷிப்ட்டுக்காரர் கீழே காத்திருப்பார், அவருக்காக இயந்திரத்தை முன்கூட்டியே நிறுத்திவிடுவார்கள். எடுக்க வேண்டிய நீர் உடம்பிலேயே தங்கிவிடும். அன்று சாயங்காலமே அம்மாவின் கால் வீங்கும். மறுநாள் மாடிப்படி வேண்டாம், குளியலறைக்கு நடந்தாலே மூச்சு வாங்கும். ஒரு முறை நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் போட்டிருந்தோம். இன்னொரு முறை அப்படி வந்தால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

அம்மாவைக் கொண்டுபோய் விடும் பொறுப்பைத் தம்பி எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொண்டான் என்பது அம்மாவின் சொல். என் சொல்லில், வந்தால் வருவான். ஏழு மணிக்கு வருகிறேன் என்றால் ஏழே முக்காலுக்கு வருவான். வந்ததும் அம்மா அவனுக்கு மைலோ கலக்குவாள். நீர் கோத்த காலோடு நின்று கலக்குவாள். அவன் உட்கார்ந்து குடிப்பான். கோலா சிலாங்கூருக்கு எந்தக் குறுக்கு வழியில் போனால் எத்தனை நிமிடம் மிச்சம் என்று எனக்கு விளக்குவான். மிச்சம் பிடித்த நிமிடங்களை எல்லாம் அந்த மைலோவிலேயே கரைத்துவிடுவான்.

ஒரு திங்கட்கிழமை அவன் வரவே இல்லை. கைப்பேசியும் அடைத்திருந்தது. வாடகைக் காரைக் கைப்பேசியில் கூப்பிட்டால், எங்கள் தோட்டத்து முனையைப் பார்த்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கடைசியில் பாசாருக்குக் காய்கறி ஏற்றிப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவைத் தன் லோரியின் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். நான் பின்னால் முட்டைக்கோஸ் கூடைகளோடு உட்கார்ந்து போனேன். அம்மாவுக்குப் பாதி நேரம்தான் கிடைத்தது. சாயங்காலம் தம்பி வந்தான். சபாக் பெர்ணம் பக்கம் அவசர வேலையாம். "பாவம், புள்ளைக்கி அலைச்சல்" என்றாள் அம்மா, வீங்கின காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு. நான் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நானே ஓட்டப் போகிறேன்.

"டிரைவிங் ஸ்கூலுக்கு எதுக்கு அக்கா? நான் இருக்கேன்ல. ஒரு வாரம் போதும் லா" என்றான் தம்பி.

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. அதனாலதான் நல்லா ஓட்டுறேன்."

பள்ளியில் சேர்ந்து பெயர் கொடுத்து, பாடம் கேட்டு, பழகுநருக்கான எல் லைசென்ஸ் கைக்கு வர நாளாகும். வந்ததும் ஓட்டக் கொஞ்சம் பழகியிருந்தால் நல்லதுதானே என்று ஒப்புக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் செம்மண் ரோட்டில், செம்பனை எண்ணெய் மர வரிசைகளுக்கு நடுவே பாடம் நடந்தது. கார் அவனுடையது. எத்தனையாவது கை மாறி வந்தது என்று அவனுக்கே தெரியாது.

முதல் பாடம், இரண்டாவது கியருக்குப் போகக் கூடாது. ஒன்றிலிருந்து நேரே மூன்றுக்குப் போக வேண்டும். இரண்டில் போட்டால் திரும்ப வராது. அடுத்த பாடம், பிரேக்கை ஒரே மிதியாக மிதிக்கக் கூடாது. இரண்டு தடவை சும்மா அழுத்திவிட்டு அப்புறம்தான் மிதிக்க வேண்டும். டிரைவர் பக்கத்துக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது, கண்ணாடியை இறக்கி வெளியே கைவிட்டுத் திறக்க வேண்டும். கைப்பிரேக் சும்மா அழகுக்கு. "இழுக்காத அக்கா, கையோட வந்துரும்."

மேட்டில் நிறுத்துவதற்குக் கல் இருந்தது. ரோட்டில் பொறுக்கிய நல்ல கனமான கல். வாய்க்கால் பாலத்து மேட்டில் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு நிற்பேன். தம்பி கல்லோடு இறங்கிப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பான். "ம்ம், எடு!" என்பான். நான் கிளட்சை விட்டு முன்னே எடுத்ததும் கல்லைப் பொறுக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறுவான். வாரா வாரம் இதே வேலை. கொஞ்ச நாளில் எனக்கு இது வெகு இயல்பாக வந்துவிட்டது. மேட்டில் நிற்பேன், பின்னாலிருந்து "எடு!" என்று சத்தம் கேட்கும், எடுப்பேன்.

"இதெல்லாம் எந்த ஸ்கூல்லயும் சொல்லித் தர மாட்டாங்க" என்றான் அவன்.

உண்மைதான். எந்தப் பள்ளியிலும் சொல்லித் தர மாட்டார்கள். உலகத்தில் வேறு எந்தக் காருக்கும் அது உதவாது. இருபது வருட அனுபவம் என்று அவன் மார்தட்டுவது, ஓர் ஓட்டைக் காரின் வியாதிகளை மனப்பாடம் செய்து வைத்திருப்பது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள் என்று கேலி பேசுகிறவனும் அவனேதான். அம்மாவுக்கு அது வித்தையாகத் தெரிந்தது. "அவனுக்குக் கையிலயே இருக்குடி. எல்லாத்துக்கும் வராது" என்பாள்.

அனுபவத்தைக் கும்பிடுகிறவர்கள் என் வீட்டில் மட்டும் இல்லை. அந்தச் சமயத்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் பரீட்சையில் நன்றாகச் செய்த பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு நடந்தது. சிறப்பு விருந்தினர் ஒரு பெரிய மனிதர். மாலையை வாங்கிக்கொண்டு, "ஏட்டுப் படிப்பு மட்டும் போதாது, நம் பிள்ளைகள் கைத்தொழிலுக்கு வர வேண்டும், என் தாத்தா எந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தார்?" என்று முழங்கினார். படித்துப் பரிசு வாங்க வந்த பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டன. அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் வெளிநாட்டில் டாக்டருக்கும் வக்கீலுக்கும் படிப்பதை அறிவிப்பாளரே கொஞ்சம் முன்னால்தான் பெருமையாகச் சொல்லியிருந்தார். கைத்தொழில் எப்போதும் அடுத்தவன் பிள்ளைக்குத்தான். என் தம்பி பின்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினான்.

சரி, இதற்கு மாற்றாக நான் போன டிரைவிங் ஸ்கூலாவது யோக்கியமா என்றால், அதைச் சொல்லவும் வாய் கூசுகிறது.

அங்கே திடலில் நட்ட கம்புகளைச் சொல்லிக் கொடுத்தார்கள், கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கவில்லை. பின்கண்ணாடி மூலையில் மஞ்சள் கம்பு தெரிந்ததும் ஸ்டீரிங்கை இடது பக்கம் முழுக்கத் திருப்பு. இரண்டாவது கம்பு கதவுக்கு நேரே வந்ததும் நேராக்கு. முடிந்தது, பார்க்கிங் போட்டாயிற்று. வாத்தியார் என்னைவிடச் சின்னவர், நம் ஆள்தான். எப்போதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பேசுவார்.

"கம்பு இல்லாத எடத்துல என்னா பண்றது சார்?" என்று கேட்டேன்.

"டெஸ்ட்ல கம்பு இருக்கும் அக்கா."

"பாசார்ல இருக்காதே."

"பாசார்ல யாரு டெஸ்ட் வைக்கிறா?"

மழையில் எப்படி ஓட்டுவது, எதிரே செம்பனைப் பழம் ஏற்றிய லோரி முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று இன்னொரு நாள் கேட்டேன். "அதெல்லாம் வராது அக்கா, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க லா" என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், சாலை விதிகளைக் கேட்கும் கம்ப்யூட்டர் பரீட்சையைக் கேள்விகளைப் படிக்காமலே பாஸ் செய்தவள். எந்தப் படத்துக்கு எந்தப் பதில் என்று கைப்பேசியில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டாளாம். இவளும் நானும் ஒரே ரோட்டில்தான் ஓட்டப் போகிறோம். தம்பிக்கு ஒரு காரைத் தவிர வேறு கார் தெரியாது, இவர்களுக்கு ஒரு திடலைத் தவிர வேறு ரோடு தெரியாது. இரண்டு தரப்பாரும் ஒருவரை ஒருவர் கேலி செய்துகொண்டு நன்றாகப் பிழைக்கிறார்கள்.

டெஸ்ட் நாள் வந்தது. முதலில் மேடு ஏற வேண்டும். ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே கோட்டில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, அப்புறம் பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். வாத்தியாரோடு நூறு தடவை செய்திருப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து "ஹேண்ட்பிரேக்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். டெஸ்ட்டில் காருக்குள் நான் மட்டும். ஏறினேன். கோட்டில் அழகாக நிறுத்தினேன். பிரேக்கை மிதித்தபடி காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தேன் என்றால், கல் வைப்பதற்கு.

பின்கண்ணாடியில் பார்த்தேன். யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். "எடு" என்று யாரும் சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் என் கார் எண்ணைக் கூப்பிட்டு மலாயில் ஏதோ அதட்டியதும் பதறி, காலை எடுத்தேன். கார் நிதானமாகப் பின்னால் உருண்டு அடிவாரத்துக்கே வந்து சேர்ந்தது. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ஃபெயில்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். "அதான் சொன்னேன், பேப்பர் படிப்புன்னா இப்புடித்தான்" என்றான். யாருடைய படிப்பால் ஃபெயில் ஆனேன் என்று அவனுக்குக் கடைசி வரைக்கும் உறைக்கவே இல்லை. விளக்கிச் சொன்னேன். "கல்லு வச்சிருந்தா ஏறியிருக்கும்ல?" என்று கேட்டான். அம்மாவும் ஆமாம் என்று தலையாட்டினாள்.

அவனிடம் போவதை அத்தோடு நிறுத்தினேன். அடுத்த தடவை பாஸ் செய்தேன். பழைய கார் ஒன்று, இரண்டாவது கியரும் கைப்பிரேக்கும் உள்ளது, வாங்கினேன். கண்ணாடியில் புது டிரைவருக்கான பி எழுத்தை ஒட்டினேன். பிறகு தம்பியும் வாத்தியாரும் சொல்லித் தராததைக் கற்கத் தனியாகக் கிளம்பினேன். கடை விட்டதும் பாசார் தெருவில் சுற்றினேன். மழை பிடித்தால் வேண்டுமென்றே வண்டியை எடுத்தேன். பழ லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு அழாத குறையாகப் போயிருக்கிறேன். இரத்தம் கழுவும் நிலையத்து வாசல் வரைக்கும் காலி வண்டியை எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்தேன். எங்கே குழி, எங்கே பள்ளிக்கூட பஸ் நிற்கும், அம்மா இறங்குவதற்குப் படியை ஒட்டி எங்கே நிறுத்தலாம் என்று எல்லாம் தெரியும்.

அம்மா மட்டும் ஏறவில்லை.

"நீ இப்பதான படிச்ச. போவப் போவப் பாக்கலாம்" என்பாள். லைசென்ஸைக் காட்டினால், "அது கவுருமெண்டு குடுத்த பேப்பருதான" என்பாள். அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. எட்டு வயதிலிருந்து ரப்பர் தோட்டம், அப்புறம் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கினாள். கையால் செய்ததை நம்புவாள், பேப்பரை நம்ப மாட்டாள் என்று நானே அவளுக்காக வாதாடிப் பார்த்திருக்கிறேன். அது பொய். நானும் கையால்தான் ஓட்டுகிறேன். அவள் நம்பியது மகனைத்தான், அனுபவத்தை இல்லை. அதற்கு அனுபவம் என்று ஒரு நல்ல பெயர் வைத்திருந்தாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. தம்பி ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான். எனக்குச் சந்தேகம். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தி வைத்திருந்தேன். அம்மா குளித்து, போர்வையும் பிஸ்கட்டும் வைத்த பையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். ஏழரை ஆயிற்று. கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது, செருப்பு நுழையவில்லை.

"வாம்மா, நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"வரேன்னுட்டான்ல. வந்து பாத்தா புள்ள என்னா நெனைக்கும்?"

"நேரம் போவுதும்மா. தண்ணி எடுக்கலன்னா என்னா ஆவும்னு டாக்டரு சொன்னாருல்ல?"

"சும்மா பயமுறுத்தாத. வந்துருவான்."

எட்டு மணி. எட்டேகால். கூப்பிட்டால், "வந்துக்கிட்டே இருக்கேன் லா" என்றான். பின்னால் டிவி சத்தம் கேட்டது. நான் அம்மாவிடம் கெஞ்சினேன், அப்புறம் கத்தினேன். பக்கத்து வீட்டு லோரிக்காரர் வெளியே வந்து பார்த்தார். எட்டரைக்கு மேல் அம்மாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் அவரும் நானுமாகத் தூக்கி என் காரில் உட்கார வைத்தோம். வழியெல்லாம் அம்மா மேலே இருந்த பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் வண்டியை ஒரு குழியில்கூட இறக்கவில்லை. படியை ஒட்டி, நினைத்த இடத்தில் நிறுத்தினேன். கம்பு எதுவும் தேவைப்படவில்லை.

நாற்காலியில் உட்கார வைத்து ஊசி போடும்போது தாதி கடிகாரத்தைப் பார்த்தாள். தமிழ்ப் பெண். "என்னாம்மா, இம்புட்டு லேட்டு? பாதித் தண்ணிகூட எடுக்க முடியாது இன்னைக்கி" என்றாள்.

அம்மா என்னைப் பார்க்காமல் சொன்னாள். "என் மவதான் ஓட்டிக்கிட்டு வந்தா, மிஸ்ஸி. புதுசு. பயந்து பயந்து ஓட்டுறா."

தாதி என் பக்கம் திரும்பி, "அக்கா, இனிமே கொஞ்சம் சீக்கிரமா கெளம்புங்க லா, இது உயிரு வெளையாட்டு" என்றாள். நான் "சரி" என்றேன். நோயாளி முன்னால் சண்டை போடக் கூடாது என்பதற்காக அல்ல. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால்.

இயந்திரத்தை நிறுத்தும் நேரத்துக்குத் தம்பி வந்து சேர்ந்தான். கையில் ஒரு பொட்டலம் வடை. அம்மாவுக்கு ஆகாத உப்பெல்லாம் அதில் இருந்தது. அவனைப் பார்த்ததும் அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "பாத்தியா, வந்துட்டான்" என்றாள் என்னிடம். அவன் அம்மாவைக் கைத்தாங்கலாகப் படியிறக்கி, கதவைத் திறந்து, தன் வண்டியில் உட்கார வைத்தான். அவள் தயங்காமல் ஏறிக்கொண்டாள். வீங்கின கால் இரண்டையும் அவன்தான் தூக்கி உள்ளே வைத்தான்.

நான் காலி வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனேன். தோட்டத்து முனையில் அவன் சிக்னல் போடாமல் திரும்பினான். நான் சிக்னல் போட்டுவிட்டுத் திரும்பினேன். எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை.